பிரெஞ்சுப் புரட்சி: கஜானாவிலிருந்து படியுங்கள்

கேள்வி: ஆசிரியர் தேர்வுக்கு வரலாறு படிக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சிக்கு வந்தாலே தலை சுற்றுகிறது. ஸ்டேட்ஸ் ஜெனரல், தேசிய சபை, சட்டமன்றம், கன்வென்ஷன், டைரக்டரி, கான்சலேட் என்று பெயர்கள் மாறிக்கொண்டே போகின்றன. எது முந்தி, எது பிந்தி என்று பிடிபடவில்லை. ராஜாவின் தலையை வெட்டியவர்கள் பதினோரு வருடத்தில் ஒரு பேரரசரை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? இதை எப்படிப் படிப்பது?

பதில்: பெயர்களை மனப்பாடம் செய்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். ஒவ்வொரு சபை வரும்போதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கஜானா காலியாக இருக்கிறதே, இவர்கள் அதற்கு என்ன செய்தார்கள்? சுதந்திரம், சமத்துவம் எல்லாம் வெறும் பேச்சு என்று சொல்ல வரவில்லை. ஆனால் வரிசை நினைவில் நிற்க, கடன் கணக்கைப் போலக் கைகொடுப்பது வேறொன்றுமில்லை.

1788-ல் பிரான்ஸ் அரசின் செலவில் ஏறக்குறைய பாதி பழைய கடனுக்கே போனது. பிரிட்டனுக்கு எதிராக அமெரிக்கர்களுக்கு உதவப் போய் வாங்கிய கடன் அதில் கணிசம். ராணி மேரி அன்டாய்னெட்டின் நகைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். அரண்மனைச் செலவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. (‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்’ என்ற கதையை விட்டேவிடுங்கள், அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது.) வழி ஒன்றுதான் இருந்தது: பெரும்பாலான வரிகளிலிருந்து தப்பித்துவந்த பிரபுக்களும் மதகுருமார்களும் வரி கட்ட வேண்டும். 1787-ல் நிதிப் பொறுப்பில் இருந்த கலோன், எல்லோருக்கும் பொதுவான நிலவரியை முன்வைத்தார். ராஜா கூட்டிய பிரமுகர் சபை மறுத்தது. புது வரி போடும் அதிகாரம், மதகுருமார், பிரபுக்கள், மற்ற மக்கள் என்ற மூன்று பிரிவினரின் பிரதிநிதிகள் கூடும் ஸ்டேட்ஸ் ஜெனரலுக்கு மட்டுமே என்று, அரச ஆணைகளைப் பதிவுசெய்யும் பாரிஸ் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படித்தான் 1614-க்குப் பிறகு கூடாத அந்த அவை 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடியது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்: ஜூன் 17-ல் மூன்றாம் பிரிவினர் தங்களைத் தேசிய சபையாக அறிவித்தது, 20-ல் அரசியலமைப்பு எழுதாமல் கலைய மாட்டோம் என்ற டென்னிஸ் மைதான உறுதிமொழி, ஜூலை 14-ல் பாரிஸின் பாஸ்டில் கோட்டைச் சிறை வீழ்ந்தது. முந்தின ஆண்டு விளைச்சல் பொய்த்து, ரொட்டி விலை உச்சத்தில் இருந்த நேரம். பாஸ்டிலுக்குள் இருந்த கைதிகள் ஏழே பேர். கூட்டம் போனது வெடிமருந்துக்காக.

இங்கே பலரும் வழுக்கும் ஓர் இடம் இருக்கிறது. தேசிய சபை பிரபுக்களின் சலுகைகளை ரத்துசெய்த ஆகஸ்ட் 4 இரவோடு நிலமானிய முறை முற்றாக ஒழிந்தது என்று எழுதிவிடுவார்கள். பண்ணையடிமைக் கட்டுகள் போயின, உண்மை. ஆனால் நிலத்தின் மீதான பல பாக்கிகளை விவசாயி பணம் கொடுத்துத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நஷ்டஈடு இல்லாமல் அவை முழுதாக ரத்தானது 1793 ஜூலையில், கன்வென்ஷன் காலத்தில்.

தேசிய சபையின் பெரிய முடிவு என்று நான் சொல்வது 1789 நவம்பர் 2-ஆம் தேதி எடுத்ததை. திருச்சபையின் நிலங்கள் எல்லாம் நாட்டுக்குச் சொந்தம் என்றார்கள். யோசனை சொன்னவர் டாலிராண்ட், அவரே ஒரு பிஷப்! அந்த நிலங்களை ஈடாக வைத்து 40 கோடி லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) மதிப்புக்கு அசிக்னா என்ற பத்திரங்களை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அது புழக்கப் பணமாகிவிட்டது. சொத்து போன திருச்சபைக்கு யார் சம்பளம் கொடுப்பது? அரசு. அப்படியானால் பாதிரியார்கள் அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். பங்குப் பாதிரியார்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மறுத்தார்கள். கிராமங்கள் இரண்டுபட்டன. பக்திமானான ராஜா பதினாறாம் லூயிக்கும் இது ஆறவில்லை. 1791 ஜூனில் குடும்பத்தோடு தப்பப் பார்த்து வரேன் என்ற ஊரில் பிடிபட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து வந்த சட்டமன்றம் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. பழைய சபையில் இருந்தவர்கள் இதில் போட்டியிடக் கூடாது என்று, பழைய சபையின் உறுப்பினரான ரோபஸ்பியர் கொண்டுவந்த விதியால் எல்லோருமே புதியவர்கள். 1792 ஏப்ரலில் ஆஸ்திரியா மீது போர் தொடுத்தார்கள், ஆகஸ்ட் 10-ல் முடியாட்சி சாய்ந்தது. இவ்வளவு போதும்.

சட்டமன்றத்துக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட சபையான கன்வென்ஷன் 1792 செப்டம்பரில் குடியரசை அறிவித்தது, 1793 ஜனவரி 21-ல் லூயியைக் கொன்றது. பிரிட்டன், ஹாலந்து, ஸ்பெயின் எல்லாம் எதிரிகளாயின. (அந்தப் போரில்தான் நம் புதுச்சேரியும் 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர் கைக்குப் போனது.) 3 லட்சம் பேரைப் படைக்குத் திரட்டப் போய் மேற்கு பிரான்ஸின் வாந்தே பகுதியில் கலகம் வெடித்தது. அசிக்னாவை அச்சடித்துக்கொண்டே போனதால், அந்தக் கோடையில் அதன் மதிப்பு நான்கில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது. அந்தக் காகிதத்துக்குத் தானியத்தை யார் விற்பார்கள்? செப்டம்பரில் விலைக்கும் கூலிக்கும் உச்சவரம்பு போட்டார்கள். அதை மீறியவர்களுக்கும் சந்தேகத்துக்கு ஆளானவர்களுக்கும் சிறையும் மரண தண்டனையும். இதுதான் பயங்கர ஆட்சி. விசாரணை, தீர்ப்பு என்று நடந்து கொல்லப்பட்டவர்கள் மட்டும் சுமார் 17,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் பிரபுக்கள் அல்ல, சாதாரண ஜனங்கள். 1794 ஜூலையில், பயங்கர ஆட்சியை முன்னின்று நடத்திய ரோபஸ்பியர் வீழ்ந்தபோது பாரிஸ் தொழிலாளிகள் பெரிதாகத் திரண்டு வரவில்லை. சில நாள் முன்புதான் புதிய கூலி உச்சவரம்பு அவர்கள் வருமானத்தைக் குறைத்திருந்தது.

அடுத்து ஆண்ட, ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழுவான டைரக்டரிக்கு வருவோம். 1796-ல் அசிக்னா அச்சுத் தகடுகளைப் பொது இடத்தில் வைத்து உடைத்தார்கள். 1797-ல் அரசுக் கடனில் மூன்றில் இரண்டு பங்கைக் கைகழுவினார்கள். அரசுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இத்தாலியிலிருந்து தளபதி நெப்போலியன் போனபார்ட்டின் படை அனுப்பிய கப்பம் அதில் முக்கியமானது. தளபதியை நம்பிப் பிழைத்த அரசைத் தளபதியே 1799 நவம்பர் 9-ல் கவிழ்த்து, கான்சலேட் என்ற புது ஆட்சியை அமைத்தார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இங்கேதான். திருச்சபை நிலத்தையும் நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களின் நிலத்தையும் வாங்கியவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். பழைய ராஜ குடும்பம் திரும்பினால் நிலப் பத்திரம் செல்லுமா என்பதுதான் அவர்கள் பயம். நெப்போலியன் 1801-ல் போப்புடன் செய்த உடன்பாட்டில், விற்றுப்போன நிலங்களைத் திருச்சபை கேட்காது என்று எழுதி வாங்கினார். 1804-ல் முடிசூடும்போது எடுத்த உறுதிமொழியில், அந்த விற்பனைகள் ரத்தாகாது என்பதும் ஒரு வாசகம். பேரரசர் என்ற பட்டம் உறுத்தியிருக்கலாம், நிலம் கையில் இருந்தது.

1814-ல் பழைய ராஜ குடும்பமான பூர்போன்கள் திரும்பி வந்தும் அந்த நிலங்களில் கைவைக்க முடியவில்லை. புது ராஜா பதினெட்டாம் லூயியின் சாசனமே வாங்கியவர்களுக்கு உத்தரவாதம் கொடுத்தது. நிலமிழந்த பிரபுக்களுக்கு 1825-ல் பணமாகத்தான் ஈடு கிடைத்தது. ‘விளைவுகள்’ என்று கேள்வி வந்தால் இந்த இரண்டையும் எழுதுங்கள். கூடவே, 1794-ல் கன்வென்ஷன் ஒழித்த அடிமை முறையை 1802-ல் நெப்போலியன் குடியேற்ற நாடுகளில் மறுபடி கொண்டுவந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.