போலீஸ் வந்து கிளம்பச் சொன்னால் கிளம்பித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: ஆற்றை ஒட்டி எங்கள் வீடு. வெள்ள எச்சரிக்கை என்று போலீஸார் ராத்திரியில் வந்து எல்லோரையும் உடனே கிளம்பச் சொன்னார்கள். அப்பாவுக்கு 78 வயது, வர மாட்டேன் என்று கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. “வராவிட்டால் தூக்கிக்கொண்டு போவோம்” என்றார் ஒரு காவலர். நாங்களே கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப் போனோம். மறுநாள் மழை விட்டதும் அவருடைய மாத்திரைகளையும் வீட்டுப் பத்திரத்தையும் எடுக்கப் போனால், தெருமுனையிலேயே தடுத்துவிட்டார்கள். சொந்த வீட்டிலிருந்து ஒருவரைத் தூக்கிப் போக போலீஸுக்கு அதிகாரம் உண்டா? சொந்த வீட்டுக்குள் போகாதே என்று சொல்ல முடியுமா?

பதில்: இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உள்ளே இருப்பவரை வெளியே இழுக்கலாமா என்பது ஒன்று, வெளியே வந்தவரை உள்ளே விடாமல் நிறுத்தலாமா என்பது இன்னொன்று. எல்லோரும் சண்டை போடுவது முதல் கேள்விக்காகத்தான், ஆனால் சட்டம் கறாராக இருப்பது பெரும்பாலும் இரண்டாவதில்.

முதலில் ஒரு விஷயம். வெளியேறும் உத்தரவைப் பொதுவாகப் போலீஸ் போடுவதில்லை. மாவட்ட நிர்வாகமோ, மேயரோ, அரசோ போடும், அதை வாசலில் வந்து சொல்வதுதான் போலீஸின் வேலை. அதனால் வாசலில் நிற்கிற காவலரிடம் “உனக்கென்ன அதிகாரம்” என்று எகிறுவதைவிட “உத்தரவு யார் போட்டது, எதுவரைக்கும்” என்று கேட்பது உபயோகமானது. அதிகாரத்தைக் கேட்டால் கோபம்தான் மிஞ்சும். உத்தரவைக் கேட்டால் பதில் கிடைக்கும்.

சரி, தூக்கலாமா? நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2009இல் வந்த சட்டம், கட்டாய வெளியேற்ற உத்தரவு இருந்தால் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தி ஆட்களை வெளியேற்றலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இதற்கு நேர்மாறு. காட்டுத்தீ வரும்போதுகூட, அந்தச் சொத்தில் பணம் சார்ந்த பங்கு உள்ளவரை, அதாவது வீட்டுக்காரர் போன்றவரை, பலவந்தமாக அப்புறப்படுத்த முடியாது. 2009 பிப்ரவரி 7 தீயில் அங்கே 173 பேர் இறந்தார்கள், வீட்டிலேயே இருந்து தீயை எதிர்கொள்ள நினைத்தவர்களும் அதில் உண்டு. இந்தியாவின் 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மறுப்பவரைத் தூக்கிச் செல்லலாம் என்று அதில் பச்சையாக ஒரு வரி கிடையாது. ஆனால் 34ஆம் பிரிவு ஆபத்தான பகுதிக்குள் நுழைவதையும் நடமாடுவதையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தருகிறது, தேவைப்படும் பிற நடவடிக்கைகளும் எடுக்கலாம் என்று ஒரு கதவையும் திறந்துவைக்கிறது. தக்க காரணமில்லாமல் உத்தரவை மீறினால் 51ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், அந்த மீறலால் உயிர் போனாலோ உயிருக்கு உடனடி ஆபத்து வந்தாலோ சிறை இரண்டாண்டு வரை போகும்.

ஆனால் ஏட்டில் இருப்பது வேறு, ராத்திரி பதினொரு மணிக்கு முழங்கால் தண்ணீரில் நடப்பது வேறு. இருநூறு வீடு உள்ள தெருவுக்கு நாலு காவலர் வந்திருப்பார்கள். ஒருவரை மல்லுக்கட்டித் தூக்கிப் போகிற நேரத்தில் இருபது வீட்டுக் கதவைத் தட்டிவிடலாம். அதனால் அதிகாரம் இருக்கும் இடத்திலும் தூக்குவது அபூர்வம், மிரட்டல்தான் அதிகம். 2017இல் ஹார்வி புயல் வந்தபோது டெக்சாஸின் ராக்போர்ட் ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? போக மாட்டேன் என்பவர்கள் மார்க்கர் பேனாவால் பெயரையும் அடையாள எண்ணையும் கையில் எழுதிக்கொள்ளுங்கள், உடலை அடையாளம் காண வசதியாக இருக்கும் என்றார்கள். எனக்குத் தெரிந்து எந்த லத்தியும் இந்த அளவுக்கு வேலை செய்யாது.

உங்கள் அப்பா விஷயத்தில் ஒரு வித்தியாசம் பார்க்க வேண்டும். நிலைமை புரிந்து, சுயமாக யோசித்து “நான் இருக்கிறேன்” என்று சொல்கிற பெரியவரின் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. மறதி நோய் உள்ளவரின் மறுப்பும், குழந்தைகளுக்காகப் பெற்றோர் சொல்லும் மறுப்பும் அப்படியல்ல. உங்களுடைய சுதந்திரத்தை வைத்துக் குழந்தையையும் பணயம் வைக்க முடியாது, அங்கே அதிகாரிகள் தலையிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

அதே சமயம் வெளியேற்றமே பாதுகாப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். 2011இல் ஜப்பானின் புகுஷிமாவில் அணுமின் நிலைய விபத்தின்போது அவசர அவசரமாகப் பேருந்தில் ஏற்றப்பட்ட முதிய நோயாளிகள் பலர் வழியிலும் முகாமிலும் இறந்துபோனார்கள். எழுபத்தெட்டு வயதுக்காரருக்கு மருந்துச் சீட்டும் மூன்று நாள் மாத்திரையும் கூடவே போக வேண்டும். அதை எடுக்கப் பத்து நிமிடம் கேளுங்கள். தண்ணீர் வாசலுக்கு வராதவரை பெரும்பாலும் தருவார்கள்.

இப்போது தடுப்பு விஷயம். இதற்கும் புகுஷிமாதான் நல்ல உதாரணம். அணுமின் நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு மார்ச் 12ஆம் தேதியே வெளியேறச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அதை மீறினால் தண்டனை கிடையாது, ஆட்கள் உள்ளே போய்ச் சாமான் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஏப்ரல் 22இல் அதே இடத்தைத் தடை மண்டலமாக அறிவித்தார்கள், அன்றிலிருந்து அனுமதியில்லாமல் நுழைந்தால் ஒரு லட்சம் யென் வரை அபராதம் அல்லது சிறைக்காவல். மே மாதம் முதல் தடவையாகச் சிலரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பாதுகாப்பு உடை, இரண்டு மணி நேரம், ஆளுக்கு 70 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பை ஒன்று. அந்தப் பையில் எது போகிறதோ அதுதான்.

கலிபோர்னியாவிலும் இப்படித்தான். மூடிய பகுதிக்குள் நுழைவது குற்றம், வீட்டுக்காரருக்கும் சேர்த்து, ஆனால் பத்திரிகையாளர் போகலாம். (வீட்டுக்காரர் தெருமுனையில் நிற்க, கேமராக்காரர் அவருடைய வாசலில் நிற்பார். எரிச்சல் வரத்தான் செய்யும்.) ஏன் இவ்வளவு கறார்? மழை விட்டாலும் ஆற்றில் தண்ணீர் அப்புறம்தான் ஏறும், அறுந்த மின்கம்பி சேற்றுக்குள் கிடக்கும், காலி வீடுகளில் திருடர் நுழைவார்கள். உங்களை உள்ளே விட்டால் “நானும் இந்தத் தெருதான்” என்கிற எல்லோரையும் விட வேண்டும்.

எச்சரிக்காமல் விட்டாலும் அரசு மாட்டிக்கொள்ளும் என்பதையும் பாருங்கள். ரஷ்யாவின் தீர்னியாவுஸ் நகரில் 2000இல் வந்த சேற்றுவெள்ளத்துக்காக, மக்களை முன்கூட்டி எச்சரித்துக் காப்பாற்றத் தவறியது உயிர்வாழும் உரிமையை மீறிய செயல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008இல் தீர்ப்புச் சொன்னது. அதிகாரிகள் கொஞ்சம் அதிகமாகவே கறாராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்காகத் தடுப்பில் நிற்கிறவர் அடிக்கலாம், கெட்ட வார்த்தை பேசலாம், வேண்டியவரை விட்டு உங்களை நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை. அப்படி நடந்தால் நேரம், இடம், சட்டையில் உள்ள பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். இப்போதைக்கு, மாத்திரைக்காகத் தடுப்பில் மல்லுக்கு நிற்க வேண்டாம், முகாம் மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லி அங்கேயே கேளுங்கள். பத்திரத்துக்குப் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். மற்றதற்கு, காவலர் துணையோடு உள்ளே போய்வர ஏற்பாடு உண்டா என்று உத்தரவு போட்ட அலுவலகத்தில் கேளுங்கள், என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று நாலே வரியில் எழுதிக் கொடுங்கள். தடுப்பை எடுத்த அன்றைக்கு, துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்னால், சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டையும் நனைந்த சாமான்களையும் போனில் படம் எடுத்துவிடுங்கள், நிவாரணமோ காப்பீடோ கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.