வேட்டை ரைஃபிள் பழுதானால் திருத்துவதா, மாற்றுவதா? – கேள்வி பதில்

கனடாவின் வட ஒன்ராறியோவில் துப்பாக்கி திருத்தும் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், அக்டோபர் மாத மூஸ் (பெரிய காட்டுமான்) வேட்டைக்கு முன்பு நம்மவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுத்தில் நான் சொல்வது, உங்கள் ஊர்க் கம்மியர் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்வதற்கு ஈடாகாது. எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழுது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக உண்மைத் தோட்டாவை ஏற்றிப் பார்க்காதீர்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ): அண்ணா, மாமா விட்டுச்சென்ற .303 லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 துவக்கு என்னிடம் இருக்கிறது. வேட்டைக்கு ஏற்றபடி மரக்கட்டையை வெட்டிச் சிறிதாக்கியிருக்கிறார்கள். போன வாரம் சுட்டபோது தோட்டாவின் பித்தளைக் கூடு நடுவில் அறுந்து, முன்பாதி குழலுக்குள்ளேயே தங்கிவிட்டது. புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். திருத்த வழியுண்டா?

பதில்: முதலில் சுடுவதை நிறுத்துங்கள். கூடு அறுந்த இடத்தில் வாயு பின்னோக்கிப் பீறிட்டிருந்தால் உங்கள் கண்ணுக்கே ஆபத்து வந்திருக்கும்.

நம்பர் 4 ரைஃபிளில் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்புறத்தை மூடும் உருளை) பூட்டும் பற்கள் பின்பக்கத்தில் இருப்பதால், சுடும் கணத்தில் போல்ட்டும் ரிசீவரும் (போல்ட்டைத் தாங்கும் உடல்) சற்றே நெகிழ்ந்து, கூடும் அதற்கேற்ப நீள்கிறது. .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு உட்காருவதற்காகப் போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முகத்துக்கும் இடையே விடப்படும் இடைவெளியைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறோம். அது குறைந்தபட்சம் 0.064 அங்குலம் இருக்க வேண்டும். இராணுவம் ஏற்றுக்கொண்ட மேல் எல்லை 0.074 அங்குலம். இந்த இடைவெளி மிகுந்துவிட்டால் கூட்டின் அடிப்பகுதி பின்னுக்குத் தள்ளப்பட்டு, அடியிலிருந்து சிறிது மேலே சுவர் மெலிந்து, கடைசியில் அறுந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே சுட்ட கூடுகளை எடுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் பளபளப்பான வளையம் ஒன்று தெரியும். முனையைச் சிறிது மடக்கிய காகிதக் கவ்வியை உள்ளே விட்டு மேலும் கீழும் இழுத்தால் அங்கே ஒரு பள்ளம் தட்டுப்படும்.

இரண்டு விவரங்கள் எனக்குத் தேவை. ஒன்று, ஹெட்ஸ்பேஸ் கேஜ் (அளவுக்கட்டை) வைத்து அளந்த அளவு. துப்பாக்கியைக் கம்மியரிடம் கொடுத்தால் சில நிமிடங்களில் பார்த்துத் தருவார். மற்றது, அறுந்த கூடு புதுத் தோட்டாவா, மறுநிரப்பியதா (சுட்ட கூட்டில் மருந்தும் குண்டும் மறுபடி இட்டது), மறுநிரப்பியது என்றால் எத்தனையாவது முறை என்பது. ரொறன்ரோவின் மேற்கு எல்லையில் இருந்த லோங் பிராஞ்ச் தொழிற்சாலை 1941 முதல் போர் முடியும்வரை ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நம்பர் 4 ரைஃபிள்களைச் செய்தது. உங்கள் மாமாவுடையதும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அளக்காமல் அதைக் கழித்துக்கட்டச் சொல்வதும் தவறு, அளக்காமல் நம்பிச் சுடுவதும் தவறு.

கேள்வி (பிரம்ரன்): 100 யார்டில் இரண்டு அங்குலத்துக்குள் விழுந்த குண்டுகள் இப்போது ஆறு அங்குலம் சிதறுகின்றன. குழல் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். துப்பாக்கியை மாற்றிவிடலாமா?

பதில்: ஆண்டுக்கு எத்தனை தோட்டா சுடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. .308 போன்ற ரகத்தில் நல்ல குழல் சில ஆயிரம் தோட்டாக்களைத் தாங்கும். பருவத்துக்கு முன் இலக்கு சரிபார்க்க இருபது, காட்டில் இரண்டோ மூன்றோ என்று சுடும் வேட்டைக்காரர் தம் ஆயுளில் ஒரு குழலைத் தேய்த்து முடிப்பது அரிது. இலக்குப் போட்டிகளில் சுடுபவர்களின் கணக்கும், மருந்து மிகுந்த மேக்னம் ரகங்களின் கணக்கும் வேறு.

குழலைக் குறை சொல்வதற்கு முன் ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களும் அடித்தளமும் ஆடுகின்றனவா என்று பாருங்கள். என் பட்டறைக்குக் "குழல் போய்விட்டது" என்று வந்த ரைஃபிள்களில் பெரும்பகுதியின் குறை அங்கேதான் இருந்தது. அடுத்து, ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகள். மரக்கட்டையாக இருந்தால், ஈரம் ஏறி முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகக் குழலை அழுத்துகிறதா என்பதையும், ஒரு காகிதத்தை இடையில் விட்டு நகர்த்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பிறகு குழலுக்குள் படிந்த செம்பை அதற்குரிய கரைப்பானால் முழுவதும் எடுங்கள். குழல் வாயின் விளிம்பில் சிறு காயம் இருந்தாலே குண்டு வழி மாறும். அதைக் கடைசல் இயந்திரத்தில் சீர்செய்வது சின்ன வேலை. வேறொரு நல்ல ஸ்கோப்பை மாட்டிப் பார்ப்பதும் செலவில்லாத சோதனை. இத்தனைக்கும் பிறகு சிதறல் குறையவில்லை என்றால் குழலைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி (தண்டர் பே): கடுங்குளிரில் விசையை அழுத்தினால் "டிக்" என்ற சத்தம் மட்டும் வருகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) உடைந்திருக்குமா?

பதில்: உடைந்த ஃபயரிங் பின், வீட்டுக்கு வந்ததும் ஒட்டிக்கொள்ளாது. போல்ட்டுக்குள் இருக்கும் எண்ணெய் குளிரில் பசையாகி, ஃபயரிங் பின் வேகமாக முன்னே பாய முடியாமல் தடுக்கிறது. ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைக்கும் மூடி) ஆழமில்லாத பள்ளம் விழுந்திருப்பதே அதற்குச் சான்று. போல்ட்டைக் கழற்றி, பழைய கிரீஸ் முழுவதையும் கரைத்தெடுத்து, கிராஃபைட் போன்ற உலர்ந்த மசகைச் சிறிதளவு இடுங்கள். குளிரிலிருந்து வெப்பமான வீட்டுக்குள் உடனே கொண்டுவந்தால் வெளியிலும் உள்ளிலும் நீர் பூத்து, அடுத்த நாள் அதுவே உறையும். ஆகவே உறையோடு வெளி அறையில் சிறிது நேரம் வைத்திருங்கள். புதிய ரைஃபிள் வாங்கினாலும் அதே எண்ணெயை ஊற்றினால் அதே "டிக்" சத்தம்தான் கேட்கும்.

"டிக்" என்றவுடன் போல்ட்டைத் திறக்க வேண்டாம். குழலைப் பத்திரமான திசையில் பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம் பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு.

கேள்வி (மார்க்கம்): விசையைத் தொடவே இல்லை, பாதுகாப்புப் பொறியைத் தள்ளியதும் துப்பாக்கி வெடித்தது. ஒருமுறைதான் நடந்தது. திரும்பச் செய்து பார்த்தேன், நடக்கவில்லை. பருவம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஒருமுறை நடந்ததே போதுமான எச்சரிக்கை. இந்தத் துப்பாக்கி காட்டுக்குப் போகக் கூடாது. திரும்பச் செய்து பார்த்தபோது துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் உண்மைத் தோட்டா இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை; இருந்திருந்தால் இனி அப்படிச் செய்யாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

விசைப் பொறிக்குள் அழுக்கு, உறைந்த எண்ணெய், தேய்ந்த விளிம்பு, யாரோ விசையை இலகுவாக்குகிறேன் என்று திருகியது, உற்பத்திக் குறை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். உற்பத்திக் குறை நடக்கக்கூடியதே. ரெமிங்டன் நிறுவனம் 2014 ஏப்ரலில், 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்யப்பட்ட மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களை, எக்ஸ்-மார்க் புரோ விசைப் பொறியில் ஒட்டுப்பொருள் மிகுதியாக இருக்கக்கூடும் என்ற காரணத்தால் திரும்ப அழைத்தது. உங்கள் ரைஃபிள் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் முழு விசைப் பொறியையும் கம்மியர் மாற்றட்டும். ரிசீவரும் குழலும் நன்றாக இருக்கும்போது துப்பாக்கியையே மாற்ற வேண்டியதில்லை. நீங்களாக அரம் போட்டுத் தேய்க்க மட்டும் வேண்டாம்.

கேள்வி (மிசிசாகா): என் ரைஃபிள் 40 ஆண்டு பழையது. குறை எதுவும் இல்லை. மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி (எட்மன்ரன்): விழுந்தபோது குழல் வாயில் சேறு புகுந்ததைக் கவனிக்காமல் சுட்டுவிட்டேன். முனையிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே வளையம்போல் வீங்கியிருக்கிறது.

பதில்: நீங்கள் காயமில்லாமல் இருப்பதில் மகிழ்ச்சி. வீங்கிய குழலைத் தட்டி நிமிர்த்த முடியாது. வீக்கம் முனையருகில் இருப்பதால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துக் குழல் வாயைப் புதிதாகக் கடையலாம். ஆனால் வெட்டியபின் குழல் 457 மில்லிமீட்டருக்கோ, மொத்த நீளம் 660 மில்லிமீட்டருக்கோ குறைந்துவிட்டால் கனடாச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட துப்பாக்கியாகிவிடும். அதனால் வாள் எடுப்பதற்கு முன் அளவுகோலை எடுக்க வேண்டும், அதையும் கம்மியரே செய்ய வேண்டும். போல்ட் கடினமாகத் திறந்தது, பற்களில் கீறல் தெரிகிறது என்றால் ரிசீவரையும் விரிசல் சோதனைக்கு அனுப்புங்கள். விரிசல் கண்ட ரிசீவருக்குப் பற்றவைப்பு மருந்தாகாது.

குழலையே மாற்ற நேர்ந்தால் ரைஃபிளின் அமைப்பைப் பொறுத்துச் செலவு பெரிதும் மாறும். 1958-இல் வந்த சாவேஜ் 110 வகையில் குழலை ஒரு மரையால் (நட்) இறுக்கியிருப்பதால், கடைசல் வேலை இல்லாமல், கேஜும் மரை திருகும் சாவியும் கொண்டு மாற்றிவிடலாம். மற்றப் பலவற்றில் குழலின் விலையும் கூலியும் சேர்ந்து எளிய புது ரைஃபிள் ஒன்றின் விலையைத் தொட்டுவிடும். அப்போது புதிதை வாங்குவதே நியாயம். இனிமேல் குழல் வாயில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு காட்டுக்குள் போங்கள்.

கேள்வி (சேலம்): தாத்தாவின் பழைய .315 ரைஃபிளை நானே கழற்றிச் சரிசெய்யலாமா?

பதில்: இந்தியாவில் துப்பாக்கியைத் திருத்தும் தொழிலுக்கே 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்; 1972 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இன்று அங்கே வேட்டைக்கும் இடமில்லை. தாத்தாவின் உரிமம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தெளிவுபடுத்திக்கொண்டு, உரிமம் பெற்ற கடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி (பாரி): ஸ்கார்பரோ தம்பியை வீணாக அலைக்கழிக்கிறீர்கள். நம்பர் 4-க்குப் போல்ட் தலை 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் உண்டு. மூன்றாம் எண்ணை வாங்கி மாட்டினால் முடிந்தது. நானே அப்படித்தான் செய்தேன்.

பதில்: நான்கு அளவு உண்டு என்பது சரி, அந்த ரைஃபிளின் அருமையான அமைப்பு அது. ஆனால் எண் பெரிதாக இருந்தால் தலை கட்டாயம் நீளமாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தேய்மானத்தாலும் உற்பத்தி வேறுபாட்டாலும், ஒரு இரண்டாம் எண் தலை இன்னொரு மூன்றாம் எண்ணைவிட நீளமாக இருப்பதை மைக்ரோமீட்டரில் நானே பார்த்திருக்கிறேன். தலையை அளந்து பொருத்த வேண்டும், பொருத்தியபின் மறுபடி கேஜ் வைக்க வேண்டும். பற்கள் இரண்டும் ரிசீவரில் சமமாகப் படிகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே பல் சுமை தாங்கும் ரைஃபிளில் நீளமான தலையைப் போட்டால் அளவு சரியாகிவிடும். குறை அப்படியே இருக்கும்.

கேள்வி (பாரி, மீண்டும்): நாற்பது வருடமாகச் சுடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: உங்கள் ரைஃபிள் நல்ல நிலையில் இருந்தது என்பதற்கு அது சான்று. கூடு அறுந்த இன்னொருவர் ரைஃபிளைப் பற்றி அது எதையும் சொல்லாது. அவருடையதில் கூடு ஏற்கெனவே அறுந்துவிட்டது; அதனால்தான் அளவைக் கேட்கிறேன்.

கேள்வி (ஓசாவா): வடக்கே காவலிருக்கும் கனடிய ரேஞ்சர்களே லீ-என்ஃபீல்டைக் கைவிட்டுவிட்டார்களே. இராணுவமே தூக்கிப்போட்டதை நாம் ஏன் வைத்திருக்க வேண்டும்?

பதில்: இந்த விவாதத்தில் நல்ல கேள்வி இது. ரேஞ்சர்கள் 1947 முதல் நம்பர் 4-ஐ வைத்திருந்தார்கள். 2018 முதல் டிக்கா நிறுவனத்தின் வடிவமைப்பில் அமைந்த சி19 ரைஃபிள் அவர்கள் கைக்கு வந்தது. உறைபனியில் பழைய ரைஃபிள் சுடவில்லை என்பதற்காக மாற்றவில்லை. உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால், ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளுக்கு உதிரிப்பாகம் தேடிக் கொடுப்பது கடினமாகிவிட்டது. ஒரு படைக்கு அது போதுமான காரணம். ஒரே ஒரு ரைஃபிள் வைத்திருப்பவருக்குத் தேவைப்படுவது ஒரு போல்ட் தலை மட்டுமே. அது இன்னும் கிடைக்கிறது. கிடைக்காத பாகம் தேவைப்படும் நாளில் நீங்களும் மாற்றலாம்.

கேள்வி (ஏஜாக்ஸ்): 1970-களில் வாங்கிய ரைஃபிள், நன்றாகச் சுடுகிறது. பழையதாகிவிட்டதால் மாற்றலாமா?

பதில்: மிசிசாகாக்காரருக்குச் சொன்னதேதான். வயதைக் கேட்டு இன்னும் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுவே பதில். உருக்குக்கு வயது ஒரு குறையல்ல. குறை என்ன என்று எழுதினால் மட்டுமே என்னால் உதவ முடியும். குறையைக் கண்டுபிடிக்க உண்மைத் தோட்டா வேண்டாம் என்பதையும் மறுபடி சொல்கிறேன்.

கேள்வி (கிச்சினர்): ரிசீவரில் விரிசல் உறுதியாகிவிட்டது. இதை என்ன செய்வது?

பதில்: ஸ்கோப்பையும் கட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் கண்ணில் ரிசீவர்தான் துப்பாக்கி என்பதால் அதைக் குப்பையில் போடக் கூடாது. காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்கள் குறிக்கும் முறையில் ஒப்படையுங்கள். சொல்லாமல் கையில் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போகாதீர்கள். குறையை மறைத்து விற்காதீர்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ, மீண்டும்): அண்ணா, கம்மியரிடம் போய் அளந்தேன். 0.070 கேஜில் போல்ட் மூடுகிறது, 0.074-இல் மூடவில்லை. பற்கள் இரண்டும் சமமாகப் படிகின்றன, விரிசல் இல்லை என்றார். அறுந்த கூடு நான்காவது முறையாக மறுநிரப்பியது. ஒவ்வொரு முறையும் முழு நீள டையில் (கூடு முழுவதையும் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சு) அழுத்தித்தான் நிரப்பினேன்.

பதில்: நீங்கள் அளந்ததே நல்லது. உங்கள் ரைஃபிள் இராணுவ எல்லைக்குள் இருக்கிறது. பெருங்குறை மறுநிரப்பும் முறையில் இருக்கிறது. போர்க்காலத்தில் சேறும் மணலும் பட்ட தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்பதற்காக இந்த ரைஃபிள்களின் தோட்டா அறையைத் தோள் பகுதியில் (கூடு கழுத்தாகக் குறுகும் இடம்) தாராளமாகக் குடைந்தார்கள். முதல் முறை சுடும்போது கூட்டின் தோள் முன்னே நகர்ந்து அறையை நிரப்புகிறது. முழு நீள டை அதைப் பின்னே தள்ளுகிறது; அடுத்த சூட்டில் மறுபடி முன்னே நகர்கிறது. இப்படி நான்கு முறை இழுபட்ட பித்தளைதான் உங்கள் கையில் அறுந்தது.

அந்தத் தொகுதிக் கூடுகள் அனைத்தையும் நசுக்கி எறியுங்கள். ஒரு புதுப் பெட்டித் தோட்டாவைச் சுட்டு, அந்தக் கூடுகளின் கழுத்தை மட்டும் அழுத்தும் டையைப் பயன்படுத்தி, இந்த ஒரு ரைஃபிளுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் காகிதக் கவ்வியால் உள்சுவரைத் தடவிப் பாருங்கள். கம்மியரிடம் சற்று நீளமான போல்ட் தலை அளந்து பொருத்தச் சொன்னால் ஹெட்ஸ்பேஸ் இன்னும் குறையும். பாரி நண்பர் சொன்ன அந்த வேலைக்கு இப்போது இடமிருக்கிறது. புது ரைஃபிளுக்கு வைத்திருந்த பணத்தில் கழுத்து டையையும் இரண்டு பெட்டித் தோட்டாவையும் வாங்குங்கள்; மாமாவின் துவக்கோடு அக்டோபரில் காட்டுக்குப் போகலாம்.