மோலி வீஸ்லிக்குச் சண்டை போட எப்போது தெரிந்தது?

கேள்வி: குழந்தைகளுக்கான மாயாஜால நாவல்களில் வரும் அம்மா, படமாகவோ தொடராகவோ வரும்போது ஏன் வேறு ஆளாகத் தெரிகிறாள்? உங்களுக்குத் தோன்றிய உதாரணம் ஏதாவது உண்டா?

உண்டு. (கதைகளின் முடிவு வரை பேசப்போகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

என் அக்கா மகள் ஹாரி பாட்டர் படங்கள் எட்டையும் பார்த்தவள். நாவலில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. கடைசிப் படத்தில் ஹாரியின் நண்பன் ரானின் அம்மா மோலி வீஸ்லி, வில்லன் வோல்டமார்ட்டின் ஆளான பெல்லாட்ரிக்ஸை எதிர்த்து நின்று வீழ்த்தும் இடம் வந்ததும் என் பக்கம் திரும்பி, "சித்தி, ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருந்தவங்களுக்கு இதெல்லாம் எப்போ தெரிஞ்சது?" என்றாள். நியாயமான கேள்விதான். படங்களுக்குள் அதற்குப் பதில் கிடையாது.

நாவல்களில் பதில் இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை, அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. நான்காவது நாவலில் க்விடிச் என்ற பறக்கும் விளையாட்டின் உலகக் கோப்பை நடக்கும் இடத்தில் முகமூடிக்காரர்கள் கலவரம் செய்கிறார்கள். மறுநாள் பிள்ளைகள் வீடு திரும்பும்போது மோலி ஓடிவந்து இரட்டையர்களான ஃபிரெட், ஜார்ஜைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். கிளம்பும்போது தேர்வு முடிவுகளைச் சொல்லி அவர்களைத் திட்டி அனுப்பியிருந்தாள். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் கடைசியாகச் சொன்னது அந்தத் திட்டாகத்தானே இருந்திருக்கும் என்பதுதான் அவள் புலம்பல். முதல் வாசிப்பில் இதைச் சிரித்துக்கொண்டே கடந்தேன். ஏழாவது நாவலில் ஃபிரெட் சாகிறான் என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கத்தைச் சிரித்துக்கொண்டு படிக்க முடியவில்லை.

ஐந்தாவது நாவலில் அவளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. போகார்ட் என்ற ஜந்து, எதிரே நிற்பவர் எதற்கு அதிகம் பயப்படுகிறாரோ அந்த உருவம் எடுக்கும். மூன்றாவது நாவலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது சிலந்தியாகவும் ஆசிரியராகவும் வந்தது. மோலி எதிரே அது ரானின் பிணமாகக் கிடக்கிறது. மந்திரம் சொல்கிறாள், மூத்த மகன் பில்லின் பிணமாகிறது. மறுபடி சொல்கிறாள், கணவர். அப்புறம் இரட்டையர், இன்னொரு மகன் பெர்சி, கடைசியில் ஹாரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சமாளித்த ஒரு மந்திரம், ஏழு பிள்ளை பெற்று வளர்த்தவளிடம் தோற்றுப்போகிறது. வேறொருவர் வந்துதான் அதை விரட்ட வேண்டியிருக்கிறது.

ஆறாவது நாவலில் வீட்டுக் கடிகாரம். அதில் முள்கள் மணி காட்டாது, குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும். போர்க்காலத்தில் ஒன்பது முள்ளும் உயிராபத்து என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. மோலி அந்தக் கடிகாரத்தைத் துணிக்கூடையில் வைத்துத் தன்னோடே வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். ஏழாவதில் ஹாரியின் பதினேழாவது பிறந்தநாளுக்கு, வோல்டமார்ட்டின் ஆட்களால் கொல்லப்பட்ட தன் சகோதரன் ஃபேபியனின் பழைய கைக்கடிகாரத்தைக் கொடுக்கிறாள். பின்பக்கம் சற்று நசுங்கியது, அவன் பொருள்களை அவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்பவனில்லை என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்கிறாள். பாதியில் ஹாரி அவளைக் கட்டிக்கொள்கிறான்.

இதையெல்லாம் படித்துவிட்டு பெல்லாட்ரிக்ஸ் சண்டைக்கு வரும் வாசகருக்கு "எப்போ தெரிஞ்சது" என்ற கேள்வியே எழாது. இரண்டு நாவல்களுக்கு முன்பே தன் பிள்ளைகளின் பிணங்களை வரிசையாகப் பார்த்துவிட்டவள் அவள்.

படங்களில் மோலியின் போகார்ட் இல்லை, சகோதரனின் கைக்கடிகாரம் இல்லை. வீட்டுக் கடிகாரம் இரண்டாவது படத்தில் வேடிக்கைப் பொருளாக எட்டிப்பார்த்ததோடு சரி. 2005ல் வந்த நான்காவது படத்தில் மோலி என்ற ஆளே இல்லை. ஜூலி வால்டர்ஸ் மாதிரி ஒரு நடிகையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் செய்தார்கள் என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு. நேரப் பற்றாக்குறை புரிகிறது. ஏழு நாவல்களில் ஐந்தாவதுதான் மிகப் பெரியது. அதை 2 மணி 18 நிமிடத்துக்குள் அடைக்க வேண்டும் என்றால் யாருக்கும் கத்தரிக்கோல் கொஞ்சம் ஆழமாகவே போகும். ஆனால் 2009ல் வந்த ஆறாவது படத்தில், நாவலில் இல்லாத ஒரு காட்சியைப் புதிதாகச் சேர்த்தார்கள். வோல்டமார்ட்டின் ஆட்கள் வீஸ்லி வீட்டைத் தீ வைத்துக் கொளுத்துகிறார்கள், குடும்பம் நின்று பார்க்கிறது. துணிக்கூடைக் கடிகாரத்துக்கு இடமில்லை, தீக்கு இடமிருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த நாவல்களில் கதை பெரும்பாலும் ஹாரியின் தோளுக்குப் பின்னால் இருந்தே பார்க்கிறது. மோலி சமையலறையிலும் வாசற்படியிலும் ஓரக்கண்ணில் படுகிறவள். அப்படிப் பார்க்கப்படும் அம்மாவின் பயம் சின்னச் சின்னதாகத்தான் சேரும். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் கதைக்குத் தேவையில்லாதது போலவே இருக்கும். திரைக்கதை எழுதுபவர் முதலில் வெட்டுவது அதைத்தான். மிஞ்சுவது, பெல்லாட்ரிக்ஸை எதிர்த்து நிற்கும்போது அவள் சொல்லிக் கைதட்டல் வாங்கும் அந்த ஒரு வசனம்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. ஃபிலிப் புல்மேனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' நாவல்களில் வரும் மிசஸ் கோல்டர். இங்கே அம்மாதான் வில்லி. அந்த உலகத்தில் ஒவ்வொருவரின் ஆன்மாவும் ஒரு விலங்காகக் கூடவே வரும். இவளுடையது ஒரு பொன்னிறக் குரங்கு. 1995ல் வந்த முதல் நாவலில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மகள் லைராவின் கண்ணால்தான் பார்க்கிறோம். வாசனையும் வெதுவெதுப்புமாக ஒரு பெண், பக்கத்தில் அந்தக் குரங்கு. அவள் உள்ளே என்ன நடக்கிறது என்று லைராவுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இவள்தான் உன் அம்மா என்று லைராவுக்கு யார் சொல்கிறார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் படகுகளில் வாழும் மக்களின் தலைவர் ஜான் ஃபா, ஊர்ப் பெரியவர் பழைய வழக்கு ஒன்றை விவரிப்பதுபோல் நிதானமாகச் சொல்கிறார். நிக்கோல் கிட்மன் நடித்த 2007 படத்தில் மிசஸ் கோல்டரே மகளிடம் சொல்லிவிடுகிறாள். பெரிய நடிகைக்குப் பெரிய காட்சி வேண்டும், சரி. 2019ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் அந்தப் படகு மக்களில் ஒருத்தியான மா கோஸ்டா சொல்கிறாள். லைராவைக் கைக்குழந்தையாக வைத்துப் பார்த்துக்கொண்டவள், தன் சொந்த மகனைப் பறிகொடுத்தவள். மூன்றிலும் செய்தி ஒன்றேதான். ஆனால் நாவலில் அது வரலாறு, படத்தில் வாக்குமூலம், தொடரில் ஓர் அம்மா இன்னொரு அம்மாவைப் பற்றிச் சொல்லும் துயரம். எனக்குப் பிடித்தது மூன்றாவது. புல்மேன் வாசகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்தத் தொடருக்கு மூன்று பருவங்கள், 23 பகுதிகள். நேரம் தாராளம். அதனால் நாவலில் இல்லாத காட்சிகளை மிசஸ் கோல்டருக்குக் கொடுத்தார்கள். மகள் பக்கத்தில் இல்லாதபோது அவள் தனியாக என்ன செய்கிறாள் என்று காட்டினார்கள். மிசஸ் கோல்டராக நடித்த ரூத் வில்சன் தன் குரங்கைத் தானே அடிக்கிறார். அது தன் ஆன்மா என்பதை நினைத்துப் பார்த்தால் வயிறு பிசைகிறது. குரங்கு கடைசி வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. கைதியாகக் கிடக்கும் லைராவின் நண்பன், பலூன் ஓட்டி லீ ஸ்கோர்ஸ்பி, தன் அப்பா தன்னை அடித்ததைச் சொல்கிறான். அவள் முகம் மாறுகிறது, அவன் தப்பிக்க வழி விடுகிறாள். நம் உலகத்துக்கு வந்து ஒரு பெண் விஞ்ஞானியைச் சந்திக்கும்போது, தன் உலகம் தனக்கு என்னவெல்லாம் மறுத்தது என்று அவளுக்கு உறைக்கிறது.

அருமையான காட்சிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. நாவலில் அவள் அறைக்குள் நுழைந்தால் எனக்குக் கை சில்லிட்டது, ஏனென்றால் அடுத்து என்ன செய்வாள் என்று லைராவைப்போல எனக்கும் தெரியாது. தொடரில் அவளை எனக்குத் தெரியும், அவள் அழுததைப் பார்த்திருக்கிறேன். லைரா பயப்படும்போது நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சிறுமி கதவுக்கு அப்பால் இன்னொரு வீட்டையும் இன்னொரு அம்மாவையும் கண்டுபிடிக்கும் 'கொரலைன்' பற்றி ஒரு வரி. நாவலில் பொத்தான் கண் வைத்த 'மற்ற அம்மா' முதல் பார்வையிலேயே ஏதோ சரியில்லாதவள். காகிதம்போல் வெளுத்த தோல், நீளமான, ஓயாமல் அசையும் விரல்கள். 2009 படத்தில் முதலில் நிஜ அம்மாவை அப்படியே உரித்து வைத்தாற்போல், இன்னும் கனிவாக வந்து, போகப்போகச் சிலந்தியாக மாறுகிறாள். திரைக்கு அது பொருத்தம்.

அக்கா மகள் விஷயத்துக்கு வருகிறேன். விளக்கிப் பார்த்தேன், அவளுக்குத் திருப்தியில்லை. சரி என்று ஐந்தாவது நாவலை எடுத்து அந்த போகார்ட் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். ரான், பில், அப்பா, இரட்டையர், பெர்சி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் கடைசிப் பெயர் வந்ததும் நிறுத்தினாள்.

"ஹாரி அவங்க பையன் இல்லையே?"

நான்காவது நாவலை எடுத்து, கடைசிப் போட்டி முடிந்து ஹாரி மருத்துவ அறையில் படுத்திருக்கும் பக்கத்தைத் தேடினேன். அங்கே மோலி அவனைக் கட்டிக்கொள்கிறாள். ஓர் அம்மா இப்படித் தன்னைக் கட்டிக்கொண்டதாக அவனுக்கு நினைவே இல்லை. படத்தில் அந்தக் காட்சிக்கு அவள் வரவே இல்லை என்றேன். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். இன்னும் திரும்பி வரவில்லை.