பாய்லருக்குக் குளிர்ந்து திரும்பும் தண்ணீர்

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய வார்ப்பிரும்பு எரிவாயு பாய்லர். ரேடியேட்டர்கள் மட்டும் இருந்தவரை தொல்லை இல்லை. அடித்தளத்தில் தரைக்கடியில் சூட்டுக் குழாய் போட்டு இதே பாய்லரில் இணைத்த பிறகு, பர்னர்மேல் துரு உதிர்கிறது. புகைக்குழாய் மூட்டுகளில் வெள்ளைப் பொடி படிகிறது. பாய்லர் ஒழுகுகிறதா?
– வாசகர், ஸ்காபரோ, கனடா

பதில்: தண்ணீர் நிரப்பும் வால்வை ஒரு நாள் மூடிவைத்து அழுத்தமானியைக் கவனியுங்கள். முள் இறங்காவிட்டால் ஒழுக்கு இருக்க வாய்ப்பு குறைவு. பாய்லர் உள்ளே வியர்க்கிறது. எரிவாயுப் புகையில் உள்ள நீராவி, சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள இரும்பில் பட்டால் நீராகிவிடும். அந்த நீர் அமிலம். வார்ப்பிரும்பையும் புகைக்குழாயையும் அரிக்கும். தரைக்குழாயிலிருந்து 30 டிகிரியில் தண்ணீர் திரும்பினால் வியர்வை நிற்க வழியே இல்லை. பாய்லர் எரியத் தொடங்கும்போது சில நிமிடம் வியர்ப்பது இயல்பு. ஓயாமல் வியர்ப்பதுதான் கேடு.

முதல் வேலை கார்பன் மோனாக்சைடு அலாரம். இன்றே மாட்டுங்கள். உதிரும் துரு புகை வழிகளை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உரிமம் பெற்ற எரிவாயு டெக்னீஷியனை அழைத்து உள்வழியைச் சுத்தம் செய்யும்வரை பாய்லரை ஓட்ட வேண்டாம்.

பிறகு அளந்து பாருங்கள். பாய்லருக்குள் நுழையும் குழாயில் வெப்ப உணரியைக் கட்டி, மேலே காப்புறை சுற்றுங்கள். 20 நிமிடம் எரிந்த பின்னும் 55-ஐத் தாண்டாவிட்டால் காரணம் இதுதான்.

தெர்மோஸ்டாட்டை ஏற்றிவைத்தால் தீராது. குளிர்ந்த கான்கிரீட் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பாய்லர் அந்த 55 டிகிரியை எட்டவே எட்டாது. வெளியேறும் சூடான நீரில் ஒரு பங்கைக் குறுக்கே பாய்லருக்கே திருப்பிவிடும் குழாய்தான் பைபாஸ். அதில் கையால் திருப்பும் வால்வையும் பரிந்துரைக்க மாட்டோம். திரும்பும் நீரின் சூடு மாறிக்கொண்டே இருக்க, அந்த வால்வு ஒரே நிலையில் நிற்கும். சூடான நீரையும் குளிர்ந்த நீரையும் தானாகவே கலந்து தரும், 60 டிகிரிக்கான மூவழி தெர்மோஸ்டாட் கலவை வால்வு போடுங்கள். சூடான வாய் பைபாஸ் வழியே பாய்லரின் வெளியேறு குழாய்க்கு, குளிர்ந்த வாய் திரும்பு குழாய்க்கு, கலந்த வாய் பாய்லருக்கு. பம்ப் கலந்த வாய்க்கும் பாய்லருக்கும் இடையில் நிற்க வேண்டும். பாய்லரும் பைபாஸும் சேர்ந்த சுற்றுக்கு வெளியே வைத்தால் பைபாஸில் தண்ணீர் சரியாக ஓடாது.

எவ்வளவு கலக்கும்? 75 டிகிரியில் வெளியேறி, 30-இல் திரும்பி, பாய்லருக்கு 57 வேண்டுமென்றால், ஓட்டத்தில் 60 சதவீதம் பைபாஸ் வழியே வர வேண்டும். ஆகவே அந்தக் குழாயை ஒல்லியாகப் போடாதீர்கள். 25 கிலோவாட் பாய்லரில் 20 டிகிரி வித்தியாசத்துக்கு மணிக்குச் சுமார் 1,080 லிட்டர் ஓடும்.

தரைக்குழாய்க்குத் தனிப் பம்பும், நீரை 35–40 டிகிரிக்குள் வைக்கும் தனிக் கலவை வால்வும் தேவை. பாய்லர் சுற்றோடு அதை இணைக்கும் இரண்டு டீக்களுக்கு (T வடிவ இணைப்புகளுக்கு) இடைவெளி குழாய் விட்டத்தின் 4 மடங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒரு பம்ப் மற்றதன் ஓட்டத்தைக் கெடுக்கும்.

கேள்வி: எங்களுடையது கண்டென்சிங் பாய்லர் (புகையின் நீராவியை நீராக்கி அதன் சூட்டையும் பிடிப்பது). இந்த வால்வு வேண்டுமா? – வாசகர், லண்டன்

பதில்: வேண்டாம். அதன் வெப்பப் பரிமாற்றி அமில நீரைத் தாங்கும்படி செய்யப்பட்டது. நீர் வெளியேறத் தனிக் குழாயும் உண்டு. அதற்குத் திரும்பு நீர் 55-க்குக் கீழே வந்தால்தான் எரிபொருள் மிச்சமாகும்.