பொம்மையைக் கையில் கொடுப்பதற்கு முன்

கேள்வி: கைக்குழந்தைகளின் திடீர் மரணங்களை விசாரிக்கப் புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். படிவத்தைச் சரியாக நிரப்புகிறார்கள். பொம்மையை வைத்து நடந்ததைக் காட்டச் சொல்லும் இடத்தில்தான் சொதப்புகிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: பொம்மை எதற்கு என்பதே பலருக்குப் புரிந்திருக்காது. மூச்சடைத்து இறந்த குழந்தையையும் காரணம் பிடிபடாமல் இறந்த குழந்தையையும் பிரேதப் பரிசோதனை மட்டும் வைத்துப் பெரும்பாலும் பிரித்தறிய முடியாது. மூக்கும் வாயும் எதில் அழுந்தியிருந்தன என்பது படுக்கையைப் பார்த்தால்தான் தெரியும். குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அந்தப் படுக்கை கலைந்திருக்கும். அதனால்தான் பொம்மை.

"எப்படிக் கிடந்தது?" என்று ஒரே கேள்வியோடு முடித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தெரிய வேண்டியவை மூன்று: படுக்க வைத்தபோது, கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அசைவற்றுக் கண்டபோது எப்படி இருந்தது. படுக்க வைத்தவர் ஒருவர், கண்டவர் வேறொருவர் என்றால் தனித்தனியாக, அவரவர் பார்த்ததை மட்டும் காட்டச் சொல்லுங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள், அதே படுக்கையில் செய்வது நல்லது.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். பெற்றோராக நடிப்பவரிடம் ஒரு சீட்டு: "ஒருக்களித்து வைத்தேன், குப்புறக் கண்டேன், முகம் இடப்பக்கம், மூக்கு போர்வையில்." மற்றவர் சீட்டைப் பார்க்காமல் கேட்டு, பொம்மையை வைத்துக் காட்டச் சொல்லி, படம் எடுக்க வேண்டும். பிறகு சீட்டையும் படத்தையும் ஒப்பிடுங்கள். "குப்புறத்தானே இருந்தது?" என்று பதிலை ஊட்டியவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

பொம்மையின் கழுத்து திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று காட்டவே முடியாது. உயிருள்ள குழந்தைபோலத் தோன்றும் பொம்மையும், அந்தக் குழந்தை விளையாடிய பொம்மையும் வேண்டாம். பொம்மையை வெளியே எடுப்பதற்கு முன்பே பெற்றோரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்களால் தொட முடியவில்லை என்றால், அவர்கள் சொல்லச் சொல்ல விசாரணையாளரே வைக்கலாம்.

ஒவ்வொரு நிலையையும் மேலிருந்தும் நான்கு பக்கமிருந்தும் படமெடுங்கள். முகத்தை நெருங்கி ஒன்று. பொம்மையை எடுத்தபின் அடியில் இருந்த பரப்பை ஒன்று. மெத்தைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இடைவெளியை அளந்தே எழுத வேண்டும். "சின்ன இடைவெளி" என்ற குறிப்பு மருத்துவருக்கு உதவாது.

கடைசியாக, பொம்மையை வைத்துக் காட்டிய நிலையை, இறந்தபின் ரத்தம் கீழிறங்கித் தோலில் தெரியும் கறையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மல்லாந்து கிடந்ததாகச் சொல்லப்பட்ட குழந்தைக்குக் கறை மார்பில் இருந்தால், பொய் என்று பாய்ந்துவிடக் கூடாது. கறை பல மணி நேரம் கழித்தே நிலைக்கும். அதற்குள் யாராவது தூக்கியோ புரட்டியோ இருக்கலாம். யார், எப்போது, எவ்வளவு நேரம் என்பதே அடுத்துக் கேட்க வேண்டியது.