700 பாடக் குறிப்புகள் இருக்கின்றன, பந்து எத்தனை?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் உடற்கல்வி ஆசிரியர்கள் அனுப்பியவை. பெரும்பாலும் ‘வாங்கலாமா, வேண்டாமா’ ரகம்தான். அதனால் ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: உயர்நிலை வகுப்புகளுக்கு உடற்கல்வி எடுக்கிறேன். இணையத்தில் ‘700 பாடக் குறிப்புகள் கொண்ட முழுத் தொகுப்பு’ என்று ஒன்று விற்கிறார்கள். சலுகை இன்று இரவோடு முடிகிறது என்று கடிகாரம் வேறு ஓடுகிறது. வாங்கிவிடவா?

முதலில் அந்தக் கடிகாரத்தைப் பார்ப்போம். பக்கத்தை மூடிவிட்டு, நாளைக் காலையில் வேறொரு போனில் திறந்து பாருங்கள். இப்படிப்பட்ட கடிகாரங்களில் பல மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும். அப்படி ஓடினால் சலுகை என்று எதுவும் இல்லை, அதுதான் வழக்கமான விலை.

அப்புறம் அந்த 700. வாரத்துக்கு 2 பீரியட், ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்தால் ஒரு வகுப்புக்கு 80 பாடம் ஆகிறது. ஐந்து வகுப்புகளுக்கும் தனித்தனிப் பாடம் என்றாலும் 400தான். மழை, தேர்வு, விழா என்று போகிற பீரியடுகளை நான் கழிக்கவே இல்லை. மீதி 300 பாடங்களுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டும் தொகுப்புகளில் ஒரே விளையாட்டை வேறு பெயரில் நாலு இடத்தில் போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மாதிரிப் பாடம் ஒன்று கேளுங்கள். தரமாட்டேன் என்றால் பேச்சே வேண்டாம். தந்தால், அதை உங்கள் 40 பிள்ளைகளை மனதில் நிறுத்திப் படியுங்கள். கூடைப்பந்து லே-அப் பயிற்சி, அதாவது ஓடிவந்து எகிறிக் கூடைக்குப் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவது என்று வைத்துக்கொள்வோம். படத்தில் இரண்டு வரிசை, வரிசைக்கு 20 பேர், ஆளுக்கு 10 வினாடி. ஒருவனுக்கு அடுத்த முறை வர 200 வினாடி ஆகும். 30 நிமிடத்தில் அவனுக்குக் கிடைப்பது 9 முறை, அதாவது மொத்தம் ஒன்றரை நிமிட ஓட்டம். மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதே பயிற்சியை ஐந்து பேர் கொண்ட எட்டு வரிசையாக அமைத்தால் 36 முறை வரும். இருக்கிற கூடை இரண்டுதானே என்று எழுதியவர் யோசித்திருந்தால், மற்ற வரிசைகளுக்குச் சுவரில் குறி, பந்து தட்டிச் செல்லும் பாதை என்று ஏதாவது கொடுத்திருப்பார். கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். அச்சின் பளபளப்பு, கார்ட்டூன் படமெல்லாம் அதற்கப்புறம்தான்.

‘அவுட் ஆனவர் ஓரமாக உட்கார வேண்டும்’ என்கிற ஆட்டங்கள் எத்தனை என்றும் எண்ணுங்கள். முதலில் அவுட் ஆகிறவன் ஓடத் தெரியாதவன். ஓட்டம் அதிகம் தேவைப்படுகிற அவனே அதிக நேரம் உட்கார்ந்திருப்பான்.

சரக்கு பழையதா என்று கண்டுபிடிக்க இரண்டு இடம் போதும். ஒன்று வார்ம்-அப். விரைவோட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு தசையையும் ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடிக்கச் சொன்னால், அது பழைய காலத்துக் குறிப்பு. அவ்வளவு நேரம் பிடித்தால் ஓட்டத்திலும் தாவலிலும் வேகம் சற்றுக் குறையும். இப்போது அசைவோடு கூடிய நீட்சிகளைத்தான் முன்னால் செய்யச் சொல்கிறார்கள். இன்னொன்று உடல் எடைப் பக்கம். பெரியவர்களுக்கான 18.5, 25 என்ற பி.எம்.ஐ. எல்லைகளை 13 வயதுப் பிள்ளைகளுக்கு அப்படியே போட்டிருந்தால், எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்று அர்த்தம். 5 முதல் 19 வயது வரை, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற தனி அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே வெளியிட்டுவிட்டது.

நல்ல தொகுப்பு என்று ஒன்று இருந்தால், அது விளையாட்டுகளை இனம் பிரித்து வைத்திருக்கும். கால்பந்து, கூடைப்பந்து, ஹாக்கி மூன்றிலும் காலியிடம் பார்த்து ஓடுகிற புத்தி ஒன்றேதான். நுட்பத்தை மட்டும் தனியாக ஊட்டாமல், ஆட்டத்தின் வழியே அந்தப் புத்தியைக் கற்றுத் தர வேண்டும் என்று டேவிட் பங்கர், ராட் தார்ப் இருவரும் 1982இல் முன்வைத்த முறை இன்று உலகெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. அந்த முறையில் எழுதிய ஆறு பாடம் கையில் இருந்தால், அதை மூன்று விளையாட்டுக்கும் நீங்களே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் மூன்று விஷயம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உரிமம் உங்கள் ஒருவருக்கா, பள்ளி முழுவதற்குமா? கோப்பைத் திருத்த முடியுமா, பார்க்க மட்டும்தானா? பதிவிறக்கிய பிறகு பணம் திரும்பக் கிடைக்குமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ‘கிடைக்காது’ என்றுதான் பதில் வரும்.

என் யோசனை: முழுத் தொகுப்பு வேண்டாம். உங்களுக்குக் கை வராத ஒன்று இருக்குமே, ஜிம்னாஸ்டிக்ஸோ நடனமோ, அதற்கு மட்டும் ஒரு சிறு தொகுப்பு வாங்குங்கள். நன்றாகத் தெரிந்த விளையாட்டுக்கு நீங்களே எழுதுவதுதான் உருப்படியாக இருக்கும்.

கேள்வி: கையில் இருக்கும் தொகைக்கு 5 தரமான போட்டிப் பந்து வரும், அல்லது 15 சாதாரணப் பயிற்சிப் பந்து வரும். மாணவர்களுக்கு வயது 11 முதல் 15. எதை வாங்கட்டும்?

15. மேலே சொன்ன வரிசைக் கணக்குத்தான் காரணம். போட்டிக்குப் போகும் அணி இருந்தால் அதற்கு ஒன்றிரண்டு நல்ல பந்தைத் தனியாக எடுத்து வையுங்கள். சிமென்ட் தரையில் உருட்டினால் விலையுயர்ந்த பந்தின் மேல்தோல் சீக்கிரம் உரிந்துவிடும். அந்தத் தரைக்கு ரப்பர் பந்தே மேல்.

ஆனால் ‘சாதாரணம்’ என்ற பெயரில் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். 15ஐயும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒன்று வாங்கி, ஊசியை நனைத்துக் காற்றடித்து, மூன்று நாள் சும்மா வையுங்கள். தொளதொளத்துப் போனால் வால்விலோ உள்பிளாடரிலோ குறை இருக்கிறது. அப்புறம் அளவெடுங்கள். 5ஆம் எண் கால்பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். ஒரு தையல் நாடாவும் சமையலறைத் தராசும் இருந்தால் போதும். தரையில் சுழற்றிவிட்டுப் பாருங்கள். தள்ளாடினால் அது உருண்டை இல்லை.

பந்தின் அளவைச் சொல்லும் எண்ணையும் கவனியுங்கள். 11, 12 வயதுக்குக் கால்பந்தில் 4ஆம் எண் பொருந்தும். கூடைப்பந்தில் 7ஆம் எண் ஆண்கள் போட்டிக்கானது. உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 6 போதும், சின்னக் கைகளுக்கு 5. கைப்பந்துதான் பெரிய சிக்கல். போட்டிப் பந்து 260 முதல் 280 கிராம் இருக்கும். புதிதாகக் கற்கிற பிள்ளை முன்கையில் நாலு அடி வாங்கியதும் அடுத்த பந்துக்குக் கையை இழுத்துக்கொள்ளும். அதே அளவில் எடை குறைந்த, மேலே மென்மையான பள்ளிப் பந்துகள் வருகின்றன. அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கோன் வாங்கும்போது ஒன்றைக் கையில் எடுத்து இரண்டாக மடக்கிவிட்டுப் பாருங்கள், பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 கோன்களை நானே படத்தைப் பார்த்து வாங்கினேன். முதல் வாரத்திலேயே ஒரு பையன் மிதித்ததும் தட்டு உடைந்த மாதிரி சில்லுச் சில்லாக வந்தது. விற்றவர் ‘மிதிக்கக் கூடாது சார்’ என்றார். மைதானத்தில் வைக்கிற பொருளை மிதிக்கக் கூடாதாம்!

கேள்வி: 20 மீட்டர் பீப் ஓட்டச் சோதனைக்கு இரண்டு ஒலிப்பதிவு வைத்திருக்கிறேன். ஒன்று காசு கொடுத்து வாங்கியது, ஒன்று இலவசம். வாங்கியதில் ஓடினால் எல்லாரும் சீக்கிரமே நின்றுவிடுகிறார்கள். எது சரி?

தெரியாதவர்களுக்கு: அடுத்த பீப் அடிப்பதற்குள் 20 மீட்டர் தள்ளியுள்ள கோட்டைத் தொட்டுவிட வேண்டும், இப்படியே போய்வந்து ஓட வேண்டும், பீப் போகப் போக வேகமாகும், முடியாதபோது நின்றுவிடலாம். ஸ்டாப்வாட்ச் எடுத்து, முதல் இரண்டு பீப்புக்கு இடையிலுள்ள நேரத்தைப் பாருங்கள். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் லூக் லெஜே 1980களில் வகுத்த இந்தச் சோதனையின் பரவலான வடிவம் மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு 0.5 கி.மீ. கூடுகிறது. அந்த வேகத்தில் 20 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ எட்டரை வினாடி ஆகும். 8 கி.மீ. வேகத்தில் தொடங்கும் வடிவமும் உண்டு, அதில் சரியாக 9 வினாடி. ஆக எட்டரையிலிருந்து ஒன்பதுக்குள் இருந்தால் அது 20 மீட்டர் பதிவு.

ஆறரை வினாடி அளவில் பீப் அடித்தால், இடம் குறைந்த கூடங்களுக்கான 15 மீட்டர் பதிவு உங்கள் கையில் இருக்கிறது. அதை வைத்து 20 மீட்டர் ஓடச் சொன்னால் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும். நின்றுவிடாமல் என்ன செய்வார்கள்? உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தூரத்தையும் ஒருமுறை நாடா வைத்து அளந்துவிடுங்கள். கைப்பந்து மைதானத்தின் இரண்டு கோடிக் கோடுகளை வைத்து ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 18 மீட்டர்தான்.

பதிவு பொருந்தவில்லை என்றால் விற்றவருக்கு எழுதுங்கள். அட்டையில் ‘20 மீட்டர்’ என்று போட்டு 15 மீட்டர் பதிவைத் தந்திருந்தால் அது விவரத்துக்கு மாறான பொருள், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அட்டையில் ‘15’ என்று சின்ன எழுத்தில் இருந்தால் தவறு நம் பக்கம். எதுவானாலும் ஆண்டு முழுக்க ஒரே பதிவு, ஒரே தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஜூனில் எடுத்த எண்ணையும் ஜனவரியில் எடுத்த எண்ணையும் ஒப்பிட முடியாது.

கேள்வி: இலவசமாகக் கிடைத்த பயிற்சி அட்டைகளில் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ முத்திரை இருக்கிறது. சில விதிகளை மாற்றி, எங்கள் பள்ளிச் சின்னத்தைப் போட்டு, பக்கத்துப் பள்ளிகளுக்கும் தரலாமா?

கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது, ஆக்கியவர் சில நிபந்தனைகளோடு மற்றவர்கள் பயன்படுத்த விடுகிற உரிமம். நிபந்தனை என்ன என்பது முத்திரையில் உள்ள எழுத்துகளைப் பொறுத்தது. ‘பிஒய்’ மட்டும் என்றால் தரலாம், ஆனால் ஆக்கியவர் பெயர், உரிமத்தின் பெயர், நீங்கள் மாற்றினீர்கள் என்ற குறிப்பு மூன்றும் இருக்க வேண்டும். ‘என்டி’ இருந்தால் மாற்றிய அட்டையை வெளியே தரக் கூடாது. ‘எஸ்ஏ’ என்றால் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். ‘என்சி’ என்றால் அதை வைத்துக் காசு பார்க்கக் கூடாது. சின்னம் போடலாம், அவர் பெயரை அழித்துவிட்டுப் போடக் கூடாது.

கேள்வி: மாணவர்களின் ஓட்டம், தாவலைப் படமெடுத்து அலசும் செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். அவ்வளவு பயன் உண்டா?

நீளம் தாண்டுதலில் கால் பலகையில் எங்கே விழுந்தது என்று பையனுக்குக் காட்ட ஸ்லோ-மோஷன் போதும். அது இப்போது பெரும்பாலான போன்களிலேயே இருக்கிறது. வினாடிக்கு 120 அல்லது 240 படம் எடுக்கும். சில செயலிகளில் கிடைக்கும் ‘தாமதக் காட்சி’ மட்டும் எனக்குப் பிடித்தது. தாண்டிவிட்டு வந்து நின்றால், சற்றுமுன் தாண்டியதைத் திரையில் தானே பார்த்துக்கொள்ளலாம், யாரும் எதையும் அழுத்த வேண்டாம். அதற்காகவே வாங்குவதானால் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள், தானாகப் புதுப்பிப்பதை அன்றைக்கே நிறுத்திவையுங்கள்.

பிள்ளைகளின் காணொளி எங்கே சேமிக்கப்படுகிறது, சந்தா முடிந்ததும் அழிக்கப்படுமா என்று நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். பெற்றோரின் சம்மதமும் பள்ளியின் அனுமதியும் கையில் வராமல் ஒரு நொடிகூடப் படமெடுக்காதீர்கள். போனிலேயே வைத்து, பீரியட் முடிந்ததும் அழித்துவிடும் வழி இருந்தால் அதுவே நிம்மதி.

கேள்வி: பழைய இரும்பு கோல்போஸ்ட் ஒரு ஜோடி சல்லிசாக வருகிறது. நகர்த்தக்கூடிய வகை. வாங்கலாமா?

நிலத்தோடு கட்டிவைக்கவோ, பின்கம்பியில் எடை ஏற்றவோ வழி இல்லை என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்காத பிள்ளை கிடையாது. அப்படிக் கவிழ்ந்து பல நாடுகளில் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். வழி இருக்கிறது என்றால், பற்றவைத்த மூட்டுகளில் துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வலையைக் கொக்கியில் மாட்டுகிற மாதிரி இருந்தால் அவை விரலைக் கிழிக்கும், கழற்றிவிட்டுக் கிளிப் போடச் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பின்கம்பியையும் மூட்டுகளையும் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.