காது அடைப்பும் தாடை வலியும்: எதற்குப் பணம் கட்டலாம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். எட்டு மாதமாக இடது காது அடைத்த மாதிரியே இருக்கிறது. காலையில் எழுந்தால் தாடை கனக்கிறது. கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் டக்கென்று சத்தம். பாலக்காட்டில் ஒரு டாக்டர், பொள்ளாச்சியில் ஒரு டாக்டர், இரண்டு பேரும் காது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு பல் கிளினிக்கில், "கடி சரியில்லை, பல்லைத் தேய்த்துச் சமன் செய்து நாலு பல்லுக்கு உறை போட்டால் காது திறந்துவிடும்" என்கிறார்கள். 85,000 ரூபாய். இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். ஆன்லைனில் 499 ரூபாய்க்கு வெந்நீரில் போட்டுக் கடிக்கும் பல் கார்டும் இருக்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள், சகோதரி. முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாமல் நிறுத்திவையுங்கள். எட்டு மாதமாக இருக்கும் அடைப்பு ஒரு வாரத் தள்ளுபடிக்காக அவசரப்பட வேண்டியது இல்லை.

இந்த அவஸ்தை எனக்குத் தெரியும். ஒன்றரை வருடம் நானும் அலைந்தேன். குறும்பி எடுக்கவே மூன்று முறை பணம் கட்டினேன். காதுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள், என் தாடையை மட்டும் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. காது நன்றாக இருக்கிறது என்ற பதிலைக் கேட்டால் நம் வலியையே யாரும் நம்பவில்லையோ என்று தோன்றும். ஆனால் அது வெறும் பதில் இல்லை. வேறு இடத்தில் தேடுங்கள் என்பதற்கான துப்பு அது.

தாடை மூட்டு காதுத் துளைக்கு நேர் முன்னால் இருக்கிறது, நடுவில் மெல்லிய எலும்புதான். மெல்லும் தசைகளுக்குப் போகும் அதே நரம்பின் கிளை, செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் சின்னத் தசைக்கும் போகிறது. அதனால் மூட்டோ தசையோ களைத்துப் போனால் காது அடைத்தது போலவே இருக்கும். இரண்டு விரலைக் காதுக்கு முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். அந்த இடத்தில் வலியோ சொடுக்கோ இருந்து, மெல்லும்போது காது அடைப்பும் கூடினால், மூட்டின் மேல் சந்தேகம் வைக்கலாம். காலையில் தாடை கனப்பது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு அடிக்கடி வருவது.

உங்கள் தொழிலையும் யோசிக்கிறேன். நூலைப் பல்லால் கடித்து அறுப்பீர்களா? குண்டூசியைப் பல்லிடுக்கில் பிடித்துக்கொண்டு தைப்பீர்களா? தலை குனிந்து மெஷினில் உட்காரும்போது பல்லோடு பல் இறுகியிருக்கிறதா? நாளைக்கே கவனித்துப் பாருங்கள். உதடு மூடியிருக்கலாம், பல் விலகியிருக்க வேண்டும், நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் லேசாகத் தொட்டிருக்க வேண்டும். தாடை ஓய்வாக இருக்கும் நிலை இதுதான். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆறு எட்டு வாரத்துக்கு முறுக்கு, கரும்பு, சுவிங்கம் வேண்டாம். குழைந்த சாதம், இட்லி, வேகவைத்த நேந்திரம்பழம் நல்லது. வெந்நீரில் பிழிந்த துணியால் தினம் இரண்டு வேளை பத்து நிமிடம் கன்னத்தில் ஒத்தடம் கொடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இப்படிப்பட்ட எளிய கவனிப்பிலேயே குறைகிறது. எனக்கும் குறைந்தது. ஒரேயடியாகப் போகவில்லை. கவலை மிகுந்த வாரங்களில் இன்றும் எட்டிப் பார்க்கும், ஒத்தடம் கொடுத்தால் சில நாளில் அடங்கும். அப்படி அதோடு வாழப் பழகிவிட்டேன்.

சரி, பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் எதற்கு? முதலில் காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம், அதோடு செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி. காதைச் சும்மா எட்டிப் பார்ப்பதால் தெரியாததை இவை சொல்லும். அப்புறம் தாடை மூட்டைக் கையால் அழுத்திப் பார்க்கத் தெரிந்த பல் டாக்டர். திருச்சூரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இரண்டாவது கருத்துக்கு அங்கே போய் வரலாம்.

அந்தக் கிளினிக்கில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதைச் செய்த பிறகு வலி போகவில்லை என்றால் பல்லைப் பழையபடி ஆக்க முடியுமா?" தேய்த்த பல் திரும்ப வளராது. தாடை மூட்டு வலிக்கு, திரும்பப் பெற முடியாத வைத்தியத்தை முதலில் செய்யக் கூடாது. ஒத்தடம், பயிற்சி, தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு எல்லாம் வேண்டாம் என்றால் நிறுத்திவிடக் கூடியவை.

நைட் கார்டு தேவை என்று டாக்டர் சொன்னால், உங்கள் பல்லுக்கு அச்செடுத்துச் செய்ததாக, அந்த வரிசைப் பல் முழுவதையும் மூடுவதாக இருக்கட்டும். சில பல்லை மட்டும் மூடும் கார்டை நாள்பட மாட்டினால் கடியே மாறிப்போகலாம். வெந்நீரில் போட்டுக் கடிக்கும் மெத்தென்ற ரகத்தைச் சிலர் தூக்கத்தில் இன்னும் அதிகமாக மெல்லுவார்கள். பில்லில் என்ன பொருளால் செய்தது, பிறகு சரிசெய்ய வரும் தடவைகளுக்குத் தனிக் கட்டணமா என்பதை எழுதி வாங்குங்கள்.

ஒத்தடத்தோடு காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காது டாக்டரிடம் போக வேண்டும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை நாள் தள்ளாமல் தொடங்கினால்தான் பலன். பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோர்த்திருந்தால் மூக்கின் பின்பக்கத்தையும் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தில் கட்டி, முகம் ஒரு பக்கம் இழுப்பது, புகையிலையோ பாக்கோ போடுகிறவர்களுக்கு வாய் வரவரக் குறைவாகத் திறப்பது, இவற்றுக்கும் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். நடந்தாலோ படியேறினாலோ தாடை வலித்து, மூச்சு வாங்கி வியர்த்தால் பல் டாக்டரைத் தேட வேண்டாம், இதயத்தைப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: கோவிந்தாபுரத்தில் இருக்கிறேன். காது அடைப்புக்காக பொள்ளாச்சி கடையில் 1,350 ரூபாய்க்குக் குறும்பி எடுக்கும் கேமரா வாங்கினேன். நாலாம் நாளே சூடேறி நின்றுவிட்டது. காதில் போட்ட பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்கிறார்கள். பில்லும் தரவில்லை, ஜிபே ரசீதுதான் இருக்கிறது. நான் கேரளம், கடை தமிழ்நாடு. எங்கே போவது?

பதில்: உங்கள் ஊரிலிருந்தே போகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், எல்லை தாண்ட வேண்டாம். எல்லைக் கிராமங்களில் இருக்கும் நம்மில் பலருக்கு இது தெரியாததால்தான், "அது வேற ஸ்டேட்" என்று கடைக்காரர் சொன்னதும் திரும்பி வந்துவிடுகிறோம்.

பில் தராததே அந்தச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பி வாங்க மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. ஆகவே 30 நாள் முடியும் முன்பே கடைக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். ஜிபே ரசீது, அட்டைப் பெட்டி, கேமரா சூடேறுவதைக் காட்டும் வீடியோ மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

பணம் திரும்பி வந்தாலும் வேறொரு கேமரா வாங்காதீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டே கையை அசைக்கும்போது ஆழம் தெரியாது, செவிப்பறை கிழிந்துவிடலாம்.

கேள்வி: காதில் வைத்து எரிக்கும் மெழுகுக் குழாய் குறும்பியை உறிஞ்சி எடுக்குமா?

பதில்: எடுக்காது. எரிந்தபின் குழாயின் அடியில் தெரியும் பழுப்புத் தூள் அந்த மெழுகும் துணியும் எரிந்த மிச்சம். காதில் வைக்காமல் எரித்தாலும் அதே தூள் வரும். முகமும் காதும் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. குறும்பி இறுகியிருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொன்னால், சில நாள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு இளக வைக்கலாம். செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களும், காதில் சீழ் வடிபவர்களும் அதையும் செய்யக் கூடாது.